பொன் வாரியமும் தங்கவயலும்: சுரங்கத் தொழிலாளர் வாழ்வு குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறையின் சான்றுகளாகவே நாம் பெரிதும் அறிந்திருக்கிறோம். அக்கல்வெட்டுகள் குறிப்பிடும் வாரியங்களுள் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் பொன் வாரியம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றைக் காண்பதும், அதில் ஊழல் நேராமல் பார்ப்பதும் அதன் பணி. பொன்னின் தரத்தைக் காண ஒரு கிராமம் தனி வாரியம் அமைத்தது என்பது வியப்புக்குரிய செய்திதான். ஆயின் அவ்வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். மந்திர பிராமணக் கல்வி வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று குறிப்பிடும் குடியிருப்புகளில் வாழ்ந்தோர்க்கு இம்மூன்றும் இல்லை. அவர்கள் பெயர் குடத்தினுள் இடப்படவே இல்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து அதே சேரிகளின் வழித்தோன்றல்கள் பொன்னோடு வேறு வகையில் தொடர்பு கொண்டனர். மாற்றுக் காண்பவர்களாக அல்ல. பூமிக்கு அடியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் இறங்கி அதைப் பெயர்த்தெடுப்பவர்களாக. கோலார் தங்கவயல் என நாம் அழைக்கும் நிலப்பகுதி இன்றைய கர்நாடகத்தில் இருப்பினும், அதன் வரலாறு பெரும் பகுதி தமிழர் வரலாறேயாகும். அதில் முஸ்லிம்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம் எழுத்தாளர்கள் பொதுவாக மறந்துவிட்டனர்.

புறப்பட்டதன் காரணம்

தங்கம் கிடைத்தது, ஆகவே மக்கள் ஓடினர் என்று எழுதுவது எளிது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவ்வாறு நேர்ந்திருக்கலாம். அங்கே சென்றவன் தனக்கென ஒரு துண்டு நிலத்தை அளந்து கொண்டு தோண்டினான், கிடைத்தது அவனுக்கே. தமிழகத்துச் சேரியிலிருந்து கிளம்பியவனுக்கு அந்தக் கனவு ஒருபோதும் இருந்ததில்லை. அவனைத் தள்ளிய விசை வேறு.

அந்த விசையை அறிய நம் மாவட்டத்துப் பதிவுகளே போதும். 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் என்று பெயர் பெற்ற இப்பகுதி வெள்ளையர் ஆட்சியில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை அளித்தார். மிராசுதார்களிடம் பரம்பரை பரம்பரையாகக் கட்டுண்ட படியாட்கள், சிறு கடனுக்காக எழுதப்பட்டுத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் அடிமைச் சீட்டுகள், தானியமாக அளக்கப்படும் குறைந்த கூலி, குடியிருக்கும் மனையே மிராசுதாரருக்குச் சொந்தமாதலால் எதிர்த்துப் பேசினால் குடிசையையும் இழக்கும் நிலை ஆகியவற்றை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமை முறையை ஒழித்து அரை நூற்றாண்டு ஆகவிருந்த காலம் அது. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்ததற்கு இவ்வறிக்கையே அடிப்படை. அந்த நிலங்கள் பிற்காலத்தில் எவர் கைக்குப் போயின என்பது தனிக் கட்டுரைக்குரிய செய்தி. அதை இங்கே விடுகிறோம்.

இதற்கு முன்பே 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியிருந்தது. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, சேலம் ஆகிய வறண்ட மாவட்டங்களில் ஏரிகள் வற்றின. கூலிக்காரனுக்கு முதலில் வேலை போயிற்று, பின்னர் உயிர் போயிற்று. பிழைத்தோருள் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறினர். கடல் கடக்க அஞ்சியவர்களுக்கு மேற்கே ஒரு வழி திறந்தது. சென்னையிலிருந்து ஜோலார்ப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு 1864லேயே புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்தது. அந்தத் தடத்திலிருந்த பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காரப்பேட்டை, தங்கவயலின் வாயிலாயிற்று. அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைத் தடம் 1894இல்தான் போடப்பட்டது. அதுவரை வந்தோர் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே சென்றனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளே ஆள் அனுப்புவதில் முதன்மை பெற்றன. செய்யாற்றுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கும் இப்பாலுள்ள ஊர்களுக்கும் மிராசு முறையிலோ கூலி முறையிலோ பெரிய வேறுபாடு இருந்ததாகச் சொல்ல முடியாது.

தங்க மோகமும் தங்க நிலமும்

தென்னிந்தியாவில் உண்மையான தங்க வெறி என்று சொல்லத்தக்கது முதலில் கோலாரில் எழவில்லை. 1879 முதல் 1882 வரை தென்கிழக்கு வயநாட்டில், இன்று நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த பந்தலூர், தேவாலா பகுதிகளில் அது எழுந்தது. ஆஸ்திரேலிய அனுபவமுள்ள பிரௌ ஸ்மித் என்பவரின் நம்பிக்கையூட்டும் அறிக்கையை வைத்து இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தோன்றின. பங்குகள் விறுவிறுவென விற்றன. காட்டு வழியே எந்திரங்கள் இழுத்துச் செல்லப்பட்டன. கல்லை இடித்துப் பார்த்தபோது செலவுக்கும் காணாத பொன்னே கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் காட்டுக்கே திரும்பிற்று. இந்தத் தோல்வியின் நிழலில்தான் கோலார் முயற்சி தட்டுத்தடுமாறி வளர்ந்தது.

கோலார்ச் சீமை நமக்குப் புதிதன்று. ஹைதர் அலீ பிறந்த பூதிக்கோட்டை அங்கேதான் இருக்கிறது. அவருடைய தந்தை ஃபத்ஹ் முஹம்மதின் அடக்கத்தலம் கோலார் நகரில் உள்ளது. திப்பு சுல்தான் இந்நிலத்தில் பொன் எடுக்க முயன்றதையும், வரவும் செலவும் ஒத்துப் போனதால் அதைக் கைவிட்டதையும் பிற்கால ஆங்கிலேயப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பம் பகுதியில் ஆடவர் குழியில் இறங்கிக் கல்லைப் பெயர்த்துக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலேற்றுவதையும், பெண்டிர் அதை இடித்துக் கழுவிப் பொன் துகள் பிரிப்பதையும் கண்டு எழுதினார். ஐரோப்பியர் 'கண்டுபிடித்த' நிலத்தில் அவர்களுக்கு முன்பே உழைப்பாளர் இருந்தனர் என்பதற்கு அவருடைய குறிப்பே சான்று.

அக்குறிப்பைப் படித்த அயர்லாந்துக்காரர் மைக்கேல் லாவெல், நியூசிலாந்துப் போரில் பணியாற்றிப் பெங்களூரில் தங்கியவர், 1875இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். பணம் போதாமல் உரிமை கைமாறியது. 1880ஐ ஒட்டி ஜான் டெய்லர் நிறுவனத்தார் நுழைந்தனர். போட்ட முதலீடு மூழ்கவிருந்த கடைசிக் கட்டத்தில் கேப்டன் பிளம்மர் என்ற சுரங்கப் பொறுப்பாளர் பழைய குழிகளின் அடியில் செழுமையான பொன் படிவத்தைத் தொட்டார். அதன் பிறகு மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக வளர்ந்தன. மைசூர் அரசுக்கு எடுக்கும் பொன்னில் நூற்றுக்கு 5 பங்கு உரிமைத் தொகை. எஞ்சிய இலாபம் இலண்டனிலிருந்த பங்குதாரர்களுக்கு.

லைன் வீடும் குழியும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உழைத்தோர் தொகை 30,000ஐ எட்டியிருந்தது. நிர்வாகத்திலும் பொறியியலிலும் ஆங்கிலேயர், நிலத்தடி மேற்பார்வையில் கார்ன்வால் பகுதிச் சுரங்கத்தாரும் இத்தாலியரும் ஆங்கிலோ இந்தியரும், காவலுக்குப் பஞ்சாபியர், குழியில் இறங்குவோர் பெரும்பாலும் தமிழ் ஆதிதிராவிடர். மலபார் மாப்பிள்ளைமாரும் கணிசமாகச் சென்றனர். அக்கால ஆங்கிலேய அதிகாரிகள் மாப்பிள்ளையரைக் கலகக்காரர் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, மறுபக்கத்தில் கோலார்ச் சுரங்கத்தில் அவர்களுடைய உழைப்பைப் புகழ்ந்தனர். இதே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் வணிகர்கள் தோல் பதனிடும் தொழிலைப் பெருக்கிக் கொண்டிருந்த காலமும் அதுவே. அத்தோல் ஷாப்புகளின் தொட்டிகளில் நின்றவர்களும் அதே சேரி மக்கள்தாம்.

நிறுவனம் தொழிலாளியை நேரடியாக அறியாது. இடையில் நின்றவர் ஒப்பந்ததாரர். அவரே ஊருக்கு ஆள் விட்டு முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். வேலைக்கு ஆள் அடைப்பார். நிறுவனம் தரும் பணத்தில் தம் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். முன்பணம் தீருமுன் அடுத்த கடன் ஏறும். கடைக்காரரிடம் அரிசிக் கடன், வட்டிக்காரரிடம் திருமணக் கடன், சாராயக் கடையில் பாக்கி. ஊரில் மிராசுதாரரிடம் இருந்த கட்டு இங்கே பல கைகளுக்குப் பிரிந்திருந்தது. எனினும் ஒரு வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. இங்கே கூலி காசாகக் கிடைத்தது. கூலி வாங்கியவன் செருப்பு அணிந்து தெருவில் நடக்கலாம், சட்டை போடலாம், மகனைப் பள்ளியில் சேர்க்கலாம். ஆண்டுக்கொரு முறை ஊருக்குத் திரும்பும்போது அவன் கொண்டு சென்ற மிகப் பெரிய செல்வம் பணமன்று, அந்த நிமிர்ந்த நடைதான் என்று நாம் எண்ணுகிறோம். நிலக்கிழார்களுக்கு அது உறுத்தியதில் வியப்பில்லை.

குடியிருப்பு என்பது மூங்கில் தட்டியாலும் கூரையாலும் ஆன குடிசைகளின் வரிசை. ஓர் அறைதான் வீடு. அதற்குள் சமையல், பிள்ளைப்பேறு, நோய், உறக்கம் யாவும். வேறு வேறு ஷிப்டில் போகும் ஆண்கள் ஓர் அறையைப் பங்கிட்டுக் கொண்ட வீடுகளில் பாய் ஆறியதே இல்லை எனலாம். 1890களின் இறுதியில் மைசூர்ச் சீமையில் பிளேக் நோய் பரவியபோதுதான் துப்புரவுக்கென ஒரு வாரியமும், ராபர்ட்சன்பேட்டை போன்ற திட்டமிட்ட குடியிருப்பும் உருவாயின. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தனர். உலகிலேயே மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக அது அன்று பேசப்பட்டது. அந்த மின்சாரம் வந்தது எந்திரங்களுக்காக. தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது; அந்த ஏரி பாலாற்றின் நீரைத் தேக்குவது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணற்படுகையில் நாம் காணும் அதே பாலாறு தன் தலைப்பகுதியில் சுரங்கத்துக்கு நீர் ஊட்டிவிட்டுத்தான் கிழக்கே இறங்கியது.

விடியுமுன் சங்கு ஊதும். தொழிலாளி தலையில் கனத்த தொப்பி, கையில் விளக்கு, தூக்கில் சோற்றுடன் கூண்டில் ஏறுவான். கம்பிக் கயிற்றில் தொங்கும் அந்தக் கூண்டு சில நிமிடங்களில் அவனை வெயிலிலிருந்து இருளுக்கு இறக்கும். ஆழம் கூடக்கூட வெப்பம் கூடும். சாம்பியன் ரீப் சுரங்கம் இறுதியில் 3,200 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் அங்கே மனிதன் நிற்க முடியும். தொடக்கத்தில் உளியும் சம்மட்டியும் கொண்டு இருவர் சேர்ந்து பாறையில் துளையிட்டனர். பின்னர் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்கள் வந்தன. துளையில் வெடி வைத்துத் தகர்த்து, புகை அடங்கியதும் கல்லை வாரி வண்டியில் ஏற்றித் தள்ளுவர். மரத் தாங்கல்கள் அமைப்பது தனித் திறன். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அச்சம் உண்டு. ஆழத்தில் பாறை தன் மேலுள்ள பாரத்தைத் தாங்காமல் திடுமென வெடித்துச் சிதறும்; முன்னறிவிப்பு இராது. அது நிகழும்போது மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். அந்த அதிர்வைக் கேட்ட பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடி வந்து கூண்டு ஏறி வரும்வரை காத்திருப்பது தங்கவயலின் அன்றாடங்களுள் ஒன்றாக இருந்தது. பெண்களும் உழைத்தனர், ஆனால் நிலத்துக்கு மேலே, குறைந்த கூலிக்கு.

கல் மேலே வந்ததும் நூற்றுக்கணக்கான இரும்பு உலக்கைகள் அதைத் தூளாக்கும். பாதரசம் பூசிய தகட்டில் பொன் ஒட்டிக்கொள்ளும். தப்பியதைச் சயனைடு கரைசல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் சாம்பல் நிறப் பொடி. ஆண்டாண்டாகக் கொட்டிய அப்பொடி குன்றுகளாயிற்று. தங்கவயலார் அதைச் சயனைடு மலை என்பர்.

திருடன் என்ற ஐயமும் கைரேகையும்

பொன்னை எடுப்பவனையே பொன் திருடன் என்று ஐயுறுவது எல்லாச் சுரங்கங்களுக்கும் பொதுவான வழக்கம். 1897ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்கச் சட்டம் முதற்கொண்டு, பொன் கலந்த கல்லையோ பாதரசக் கலவையையோ வைத்திருப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. அது திருட்டன்று எனக் காட்டும் பொறுப்பு பிடிபட்டவனுடையது. ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் உடற்சோதனை. இலண்டன் பங்குச் சந்தையில் அப்பொன்னை வைத்துச் சூதாடியவர்களை எவரும் சோதனையிடவில்லை.

1930ஆம் ஆண்டு நிறுவனங்கள் ஒரு படி மேலே போயின. தொழிலாளர் அனைவரும் புதிய பதிவேட்டில் கைரேகை பதிய வேண்டும் என்றன. குற்றவாளிகளுக்குச் செய்வதை எமக்குச் செய்வதா என்று மக்கள் கொதித்தனர். சங்கம் என்று சொல்லத்தக்க அமைப்பு இல்லாத நிலையிலும், ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரங்கள் குழியில் இறங்க மறுத்தனர். அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் சர் மிர்ஸா இஸ்மாயீல். பூங்காக்களும் தொழிற்சாலைகளும் அமைத்த திறமையான ஆட்சியாளர் என்று நம் இதழ்கள் அவரைப் பெருமையுடன் எழுதி வந்துள்ளன. அது தகுதியான பெருமையே. எனினும் அவர் காலத்துத் தொழிலாளர் நிலையைப் பற்றி அக்கட்டுரைகள் ஒரு வரியும் சொல்வதில்லை. வரலாற்றை ஆட்சியாளர் வழியாக மட்டும் படிப்பதன் விளைவு இது. தங்கவயல் தொழிலாளரை ஆராய்ந்து 1998இல் நூல் வெளியிட்ட ஜானகி நாயர் போன்ற வரலாற்றாசிரியர்களின் உழைப்பால்தான் இவ்வேலைநிறுத்தம் ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தது.

இந்நிகழ்ச்சியை நோக்கும்போது மற்றொரு தங்க நகரம் நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் 1886இல் பொன் கிடைத்ததால் எழுந்த ஜொகன்னஸ்பர்க்கில், ஆசியர் கைரேகையுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906இல் போராட்டம் தொடங்கியது. 1908 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் ஒரு பெரிய கொப்பரையில் எரிக்கப்பட்டன. எரிக்கப்பட்ட இடம் ஹமீதிய்யா பள்ளிவாசலின் முன்புறம். காந்தியார் பெயரால் அறியப்படும் அப்போராட்டத்தில் குஜராத்தி முஸ்லிம் வணிகரும் தம்பி நாயுடு போன்ற தமிழரும் தோளோடு தோள் நின்றனர். 22 ஆண்டுகள் கழித்துக் கோலாரில் அதே கைரேகைக்கு எதிராக எழுந்தவர்களுக்கு அச்செய்தி தெரிந்திருந்ததோ இல்லையோ, அவமானத்தை அடையாளம் காண அவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஏனெனில் தங்கவயல் மக்கள் படிக்கும் மக்களாக ஏற்கெனவே மாறியிருந்தனர். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் வலுவான கிளைகள் இருந்தன. சென்னையில் 1907இல் அவர் தொடங்கிய தமிழன் இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்று போய், 1926இல் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீபின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பகலில் குழியில் இறங்கியவர்கள் இரவில் இதழ் படித்தனர், படிக்கத் தெரியாதவர்கள் கேட்டனர். தமிழ் உரைநடை வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது எம் கருத்து.

1940களில் சங்கங்கள் வலுப்பெற்றன, கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் முதலிய பொதுவுடைமையர் தலைமை ஏற்றனர். 1946 நவம்பர் 4ஆம் நாள் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஆறு பேர் உயிரிழந்தனர்.

மஅதின் பற்றிய சட்டமும் அல்லாக்கிப் பள்ளத்தாக்கும்

சுரங்கம் பற்றி இஸ்லாமிய மரபு என்ன சொல்கிறது என்ற வினா இங்கே தவிர்க்க இயலாதது. கபலிய்யா என்ற இடத்துச் சுரங்கங்களை நபி (ஸல்) அவர்கள் பிலால் இப்னு ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு ஒதுக்கிய செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. புதையலில் ஐந்தில் ஒன்று பொது நிதிக்குரியது என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. அதே நபிமொழியின் முற்பகுதி, சுரங்கத்தில் நேரும் உயிரிழப்புக்கு இழப்பீடு இல்லை என்ற பொருளில் அமைந்துள்ளது. மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இது சுரங்க உரிமையாளருக்குச் சாதகமான சட்டமாகத் தோன்றும். ஃபுகஹாக்கள் அவ்வாறு விட்டுவிடவில்லை. முறையாகத் தோண்டப்பட்ட சுரங்கத்தில் எவர் குற்றமுமின்றி நேரும் விபத்துக்கே அது பொருந்தும். உரிமையாளரின் அத்துமீறல் இருப்பின் பொறுப்பு அவரைச் சாரும் என்று விளக்கினர். ஆகவே வினா இப்படி மாறுகிறது: நுரையீரலைத் தின்னும் தூசி என்று தெரிந்தும் ஒருவனை அதில் நிறுத்துவது விபத்தா, அத்துமீறலா?

நம் வரலாற்றிலும் ஒரு தங்க வேட்டை உண்டு. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குத் தெற்கே, பெஜா மக்களின் நாட்டில் உள்ள அல்லாக்கிப் பள்ளத்தாக்குக்கு அரபுக் குலத்தார் திரண்டு சென்றனர். அப்பள்ளத்தாக்கு அரபியரும் பிறரும் கலந்து வாழும் பெருநகரம் போல் ஆகிவிட்டதை யஅகூபீ எழுதுகிறார். அவரே மற்றொன்றும் எழுதுகிறார்: தோண்டியவர்கள் வணிகர்களுக்குச் சொந்தமான கறுப்பின அடிமைகள். பாலைவனத்தில் பொன்னைத் தேடிச் சென்ற வீரர்களின் கதைகள் நமக்குக் கிடைக்கின்றன. அந்த அடிமைகளுள் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை. கோலாரைப் பற்றிப் பேசும்போது வெள்ளையரை மட்டும் குற்றம் சாட்டுவது நமக்கு வசதியாக இருக்கும்; அல்லாக்கி அந்த வசதியைத் தருவதில்லை.

கனிமங்கள் பற்றிய தம் நூலில் அல்பீரூனீ, பொன்னும் வெள்ளியும் பசியையோ தாகத்தையோ தீர்ப்பதில்லை, மனிதர் அவற்றுக்கு மதிப்பை ஏற்றிக்கொண்டனர் என்ற கருத்தைச் சொல்கிறார். இப்னு கல்தூன் இன்னும் ஆழமாகச் சென்று, ஈட்டும் பொருளின் மதிப்பு மனித உழைப்பின் மதிப்பே என்கிறார். நம் வீட்டுத் திருமணங்களில் இத்தனை சவரன் என்று பேசும்போது அச்சொல் இங்கிலாந்து மன்னரின் தங்க நாணயத்திலிருந்து வந்தது என்பதும், கோலார்ப் பொன் நீண்ட காலம் சுத்திகரிப்புக்காக இலண்டனுக்கே கப்பலேறியது என்பதும் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வரதட்சணைக்கு நம் சமுதாயத்தில் கைக்கூலி என்று பெயர். எவர் கையின் கூலி என்று கேட்கத் தோன்றுகிறது.

தூசி

1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளரிடையே நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்டோருள் 43.7 விழுக்காட்டினருக்கு சிலிக்கோசிஸ் இருப்பது தெரிய வந்தது. 1947இல் வெளியான அவ்வாய்வே இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் விரிவான பதிவு. படிகக் கல்லைத் துளைக்கையில் எழும் நுண்தூசி மூச்சுடன் உள்ளே சென்று நுரையீரலில் தழும்பு ஏற்படுத்தும். தழும்பு ஆறாது. வேலையை விட்ட பின்னும் நோய் வளரும். படியேற முடியாமல், பின் நடக்க முடியாமல், பின் படுக்க முடியாமல் மனிதன் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு ஏங்குவான். காசநோயும் எளிதில் தொற்றும். முப்பது, நாற்பது வயதில் ஊருக்குத் திரும்பி வந்து இருமியே இறந்தவர்களைச் சொந்தக் கிராமத்தார் சயரோகம் என்றே எண்ணினர். அந்த இறப்புகள் சுரங்கத்தின் கணக்கில் ஏறவில்லை. ஈரத் துளைப்பு முறை வந்தபின் தூசி குறைந்தது. இழப்பீட்டு விதிகளும் வந்தன. ஆனால் நோய் சுரங்கத்தால் வந்தது என்று நிறுவ வேண்டிய சுமை நோயாளியின் தலையில் இருந்தது. பொன் வைத்திருந்தால் திருடனன்று என்று அவனே காட்ட வேண்டும். நோய் வைத்திருந்தால் அது சுரங்கம் தந்தது என்றும் அவனே காட்ட வேண்டும்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மைய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. குடியிருப்பும் கூலியும் ஓரளவு மேம்பட்டன. ஆனால் பொன்னின் தரம் குறைந்து, ஆழத்தின் செலவு பெருகி, இழப்பு ஏறியது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்த பிறகு, 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. நிலுவைத் தொகைக்கும் குடியிருந்த வீட்டின் உரிமைக்கும் வழக்குகள் நீண்டன. இளைஞர்கள் நாள்தோறும் விடியற்காலையில் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகினர். 2018இல் வெளிவந்த கன்னடத் திரைப்படமொன்று தங்கவயலின் பெயரை இந்தியா முழுவதும் பரப்பியது. அப்படத்தின் கதைக்கும் அந்த மண்ணின் மக்களுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

சயனைடு மலைகள் எஞ்சின. 13 குன்றுகளாகக் குவிந்து ஏறத்தாழ 1,003 ஏக்கரை அடைத்துக் கிடக்கும் அப்பொடியில் இன்னும் சிறிது பொன் உண்டு. காற்று மாதங்களில் அதன் தூசி லைன் வீடுகளின் மேல் படிகிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பானைகளை மூடி வைத்தே பழகிவிட்டனர். 2024 ஜூன் மாதம் அப்பொடியிலிருந்து மீண்டும் பொன் பிரிக்கும் மைய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. குன்றுகளின் அடிவாரத்தில் குடியிருப்போர், அகழத் தொடங்கினால் எழும் தூசியைப் பற்றிக் கேட்டுக் கொண்டிருக்கின்றனர்.